குழந்தையின் ரத்தத்தில் ஈயம்: முதலில் சோதிக்க வேண்டியது வீட்டை

கேள்வி இதுதான்: குழந்தைகளின் உடலில் ஈய நஞ்சு ஏறாமல் தடுக்க ஒரு நகராட்சியோ மாவட்ட சுகாதாரத் துறையோ உருப்படியாக என்ன செய்ய முடியும்? எல்லாக் குழந்தைகளுக்கும் ரத்தப் பரிசோதனை முகாம் நடத்தி, அளவு கூடுதலாக இருப்பவர்களுக்கு மருந்து கொடுத்தால் போதாதா?

போதாது. ரத்தப் பரிசோதனை தேவைதான், அதை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு குழந்தையின் ரத்தத்தில் ஈயம் தெரிகிறது என்றால் நாம் ஏற்கெனவே தாமதமாகிவிட்டோம் என்று அர்த்தம். அந்த வீட்டுச் சுவரில் ஈயம் இருக்கிறதா என்பதை அந்தக் குழந்தையின் உடலை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறோம். பல ஊர்களில் பல பத்தாண்டுகளாக நடந்தது இதுதான். குழந்தை நோயாளியான பிறகுதான் ஆய்வாளர் வீட்டுக்கு வருவார். நன்றாகச் செயல்பட்ட ஊர்கள் இந்த வரிசையை மாற்றிப் போட்டன.

ஒரு சின்ன விளக்கம் சொல்லிவிடுகிறேன். பேச்சுவழக்கில் வெள்ளீயத்தையும் ஈயம் என்றே சொல்லிவிடுகிறோம். அது வேறு உலோகம். இங்கே பேசுவது காரீயம் பற்றி.

மருந்து ஏன் போதாது என்பதை முதலில் பார்ப்போம். ஈயம் உடலுக்குள் கால்சியம் போல வேஷம் போடுகிறது. கால்சியம் போகிற வழிகளில் எல்லாம் தானும் போகிறது: எலும்புக்கும் போகும், வளர்ந்துகொண்டிருக்கும் மூளைக்கும் போகும். பெரியவர்கள் விழுங்கும் ஈயத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் உடலில் சேர்கிறது. சின்னக் குழந்தைகளில் அது பாதியளவு வரை போகலாம். இரும்புச் சத்து குறைந்த குழந்தை என்றால் இன்னும் கூடும். அதோடு தவழும் வயதில் தரையும் கையும் வாயும் ஒன்றுதானே. ஒன்று முதல் மூன்று வயது வரை ஆபத்து மிக அதிகம் என்பதற்கு இந்த எல்லாமும் காரணம்.

ரத்தத்திலிருந்து ஈயத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்துகள் உண்டு. குழந்தைகளில் ஒரு டெசிலிட்டர், அதாவது நூறு மில்லிலிட்டர் ரத்தத்துக்கு 45 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் இருக்கும்போது அவை உயிரைக் காப்பாற்றக்கூடும். ஆனால் பெரும்பாலான குழந்தைகள் அந்த அளவுக்கு வெகு கீழே இருப்பவர்கள். அமெரிக்காவில் 20 முதல் 44 வரை இருந்த 780 குழந்தைகளை வைத்து ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை. முடிவு 2001-ல் வந்தது. மருந்து சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் ஈயம் குறைந்தது உண்மை. ஆனால் அறிவுத்திறன் சோதனைகளில் இரு குழுவுக்கும் வித்தியாசமே இல்லை. பிறகு ஏழு வயதில் சோதித்தபோதும் இல்லை. எண் இறங்கியது, பாதிப்பு அப்படியே இருந்தது. இந்த ஒரு முடிவைத் தெரிந்துகொண்டால் "கண்டுபிடித்துச் சிகிச்சை கொடுப்போம்" என்ற யோசனை ஏன் நிற்காது என்பது புரிந்துவிடும்.

அப்புறம் அந்த எண்களைப் பற்றி. 1960-களில் அமெரிக்காவில் 60 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் கவலை இல்லை என்றார்கள். அது படிப்படியாக 40, 30, 25 என்று இறங்கி 1991-ல் 10 ஆனது. 2012-ல் 5. 2021 அக்டோபரிலிருந்து 3.5. இதை "3.5-க்குக் கீழே பாதுகாப்பு" என்று படிக்கக் கூடாது. அந்நாட்டுக் குழந்தைகளில் அளவு மிக அதிகமாக உள்ள இரண்டரை சதவீதத்தினர் தொடங்கும் இடம் அது, அவ்வளவுதான். பாதுகாப்பான அளவு என்று எதுவும் தெரியவில்லை என்றே உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், முதல் பத்து மைக்ரோகிராமில் ஏற்படும் அறிவுத்திறன் இழப்பு அடுத்த பத்தில் ஏற்படுவதைவிட அதிகம். இது பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும்.

நியாயமாக இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மிகப் பெரிய வெற்றி உள்ளூர் அலுவலகங்களால் வரவில்லை. பெட்ரோலிலிருந்து ஈயத்தை எடுத்ததால் வந்தது. 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்கச் சிறு குழந்தைகளின் சராசரி 15 மைக்ரோகிராம் பக்கம் இருந்தது. இன்று ஒன்றுக்கும் கீழே. சாலை வாகனங்களுக்கு ஈயப் பெட்ரோல் விற்ற கடைசி நாடு அல்ஜீரியா. 2021-ல் அதுவும் நிறுத்தியது. அது நாடுகளின் அரசுகள் சட்டம் போட்டுச் செய்த வேலை. ஆனால் மிச்சமிருக்கும் ஈயம் சுவரில், ஜன்னலில், குழாயில், மண்ணில், சில உணவுப் பொட்டலங்களில் இருக்கிறது. ஒவ்வொரு தெருவுக்கும் ஒவ்வொரு கதை. அதனால்தான் இனி வருவது உள்ளூர் வேலை. அப்படியொன்றும் மிச்சம் சொற்பம் இல்லை: உலகக் குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்கு, அதாவது 80 கோடிப் பேர் வரை, 5 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் இருக்கலாம் என்று யுனிசெஃப் 2020-ல் கணக்கிட்டது.

பழைய பெயிண்ட்டை எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் லாக்ஹார்ட் கிப்சன் என்ற கண் மருத்துவர் இருந்தார். பார்வை கெட்டு வந்த குழந்தைகளைப் பார்த்து, காரணம் வீட்டு வராந்தா கைப்பிடிகளில் வெயிலில் பொடிந்துபோன ஈயப் பெயிண்ட் என்று 1904-லேயே எழுதினார். அந்த மாநிலம் 1922-ல் குழந்தைகளின் கைக்கு எட்டும் இடங்களில் அந்தப் பெயிண்ட்டைக் கட்டுப்படுத்திச் சட்டம் போட்டது. அமெரிக்காவில் பால்டிமோர் நகரம் 1951-ல் வீட்டுக்குள் அதைத் தடை செய்தது. நாடு முழுவதும் தடை வர 1978 ஆனது. பொடியாகி விழுவதை ஒரு கண் மருத்துவர் கண்டு சொன்னதற்கும் அந்தத் தடைக்கும் இடையே 74 வருடம். அதற்குள் கோடிக்கணக்கான வீடுகள் அந்தப் பெயிண்ட்டோடு எழும்பிவிட்டன. இன்னும் நிற்கின்றன.

குழந்தை பெயிண்ட் சில்லைப் பிய்த்துத் தின்பதுதான் பிரச்சினை என்று பலர் நினைக்கிறார்கள். அது நடக்கும்தான். ஆனால் முக்கிய வழி கண்ணுக்குத் தெரியாத தூசி. பழைய மர ஜன்னலை ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் சட்டமும் கதவும் உரசுகின்றன. உரசும் இடத்தில் பெயிண்ட் அரைபட்டு ஜன்னல் விளிம்பிலும் அடியில் உள்ள தரையிலும் விழுகிறது. குழந்தை அங்கே கை வைக்கிறது, அந்தக் கையை வாயில் வைக்கிறது. எவ்வளவு தூசி ஆபத்து? அமெரிக்காவில் தரைக்கு வைத்திருந்த வரம்பு ஒரு சதுர அடிக்கு 40 மைக்ரோகிராம். 2019-ல் அதையே 10 ஆக்கினார்கள். ஒரு கிராமில் பத்து லட்சம் மைக்ரோகிராம் இருக்கிறது என்பதை நினைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். பார்த்தால் சுத்தமாகத் தெரியும் தரையும் இந்தச் சோதனையில் தோற்கலாம்.

இங்கேதான் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரம் செய்தது பாடமாகிறது. பழைய வாடகை வீடுகள் நிறைந்த ஊர். ஈய பாதிப்பு மிக அதிகம். ஆசிரியர்கள், செவிலியர்கள், வீட்டுவசதி உரிமை அமைப்புகள், மருத்துவர்கள் எல்லாம் ஒரு கூட்டணியாகச் சேர்ந்து நகர மன்றத்தை விடாமல் நச்சரித்தார்கள். 2005 டிசம்பரில் ஒரு உள்ளூர் சட்டம் நிறைவேறி, 2006 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன் சாரம் எளிது. அந்த ஊரில் வாடகை வீட்டுக்கு ஏற்கெனவே குடியிருப்புச் சான்றிதழ் வேண்டும், அதைச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்க நகர ஆய்வாளர் வீட்டுக்கு வருவார். அந்த ஆய்விலேயே ஈயத்தையும் சேர்த்துவிட்டார்கள். உரிந்த பெயிண்ட் இருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பார். பாதிப்பு அதிகமுள்ள பகுதிகளில், கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தாலும் தரையையும் ஜன்னல் விளிம்பையும் துடைத்து மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார். தோற்றால் சரிசெய்துவிட்டுத்தான் சான்றிதழ்.

இதில் எனக்குப் பிடித்தது, புதிதாக ஒரு துறையையோ படையையோ உருவாக்காததுதான். ஏற்கெனவே வீட்டுக்குள் நுழையும் அதிகாரம் உள்ள ஒருவருடைய பட்டியலில் ஒரு வரியைக் கூட்டினார்கள். குழந்தைக்கு நோய் வந்த வீடு, வராத வீடு என்ற கேள்வியே எழவில்லை. எதிர்ப்பு வராமலா இருக்கும்? வாடகை ஏறிவிடும், உரிமையாளர்கள் வீட்டைப் பூட்டிப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்றெல்லாம் பேசினார்கள். பின்னால் ஆய்வு செய்து பார்த்தபோது அந்தப் பயம் பெரிதாக மெய்யாகவில்லை. முழுதாக எல்லாப் பெயிண்ட்டையும் சுரண்டி எடுக்கச் சொல்லாமல், ஆபத்தான இடங்களை மட்டும் சரிசெய்தால் போதும் என்று வைத்ததும் ஒரு காரணம். அளவு அதிகமுள்ள குழந்தைகளின் எண்ணிக்கை அங்கே மாநிலத்தின் மற்ற பகுதிகளைவிட வேகமாக இறங்கியது.

சரிசெய்வது என்றதும் ஒரு எச்சரிக்கை. தப்பாகச் சரிசெய்தால் நிலைமை முன்னைவிட மோசமாகும். பால்டிமோரில் 1980-களில், பெயிண்ட்டைத் தீ வைத்து உரித்தும் இயந்திரத்தால் தேய்த்தும் "ஈயம் நீக்கிய" வீடுகளுக்குத் திரும்பிப் போன குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் கூடியதைக் கண்டார்கள். காரணம் வேறென்ன, அந்தத் தூசியும் புகையும்தான். அதனால் வேலை நடக்கும்போது குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வீட்டில் இருக்கக் கூடாது. ஈரப்படுத்திச் சுரண்ட வேண்டும், அறையை பிளாஸ்டிக் விரித்து மூட வேண்டும். கடைசியில் தூசி மாதிரி தேறிய பிறகே குடும்பம் திரும்ப வேண்டும். ஒப்பந்தக்காரர் "முடிந்துவிட்டது" என்று சொல்வது கணக்கில் வராது, ஆய்வகம் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, சொல்வதற்குக் கொஞ்சம் சங்கடமானது. உள்ளூர்த் திட்டங்களுக்கு மிகவும் பிடித்த வேலை துண்டுப்பிரசுரம். "கையைக் கழுவுங்கள், தரையை ஈரத்துணியால் துடையுங்கள்." இது தவறான அறிவுரை இல்லை. ஆனால் பெற்றோருக்கு அறிவுரை சொல்வதும் தூசி துடைக்கச் சொல்வதும் மட்டுமே குழந்தைகளின் ரத்த ஈயத்தைக் குறைத்ததா என்று கட்டுப்பாட்டுச் சோதனைகளைத் திரட்டிப் பார்த்த ஆய்வுகளில் பலன் தெரியவில்லை. யோசித்தால் புரியும். ஜன்னல் தினமும் பொடியை உதிர்த்துக்கொண்டே இருக்கும்போது அம்மா எத்தனை முறை துடைப்பார்? பிரசுரம் அடிப்பது மலிவு, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், ஆண்டறிக்கையில் எண்ணிக்கை காட்டலாம். அதனால் அது எங்கும் நடக்கிறது.

தண்ணீர் வேறு கணக்கு. மிச்சிகன் மாநிலத்தின் ஃப்ளின்ட் நகரில் 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்க நீர் ஆதாரத்தை ஆற்றுக்கு மாற்றினார்கள். அரிப்பைத் தடுக்கும் மருந்தைக் கலக்கவில்லை. ஈயக் குழாய்களுக்குள் பல காலமாகப் படிந்து காத்துவந்த பூச்சு கரைந்தது, ஈயம் தண்ணீரில் இறங்கியது. குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா மருத்துவமனைப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார். 5 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் உள்ள குழந்தைகள் 2.4 சதவீதத்திலிருந்து 4.9 சதவீதம் ஆகியிருந்தார்கள். 2015 செப்டம்பரில் அதை வெளியே சொன்னார். மாநில அதிகாரிகள் முதலில் மறுத்தார்கள், பிறகு ஒப்புக்கொண்டார்கள். ரத்தப் பரிசோதனையின் உண்மையான மதிப்பு இங்கே தெரிகிறது. ஒரு குழந்தைக்குச் சிகிச்சை தருவதை விட, எந்தத் தெருவில் எப்போது என்ன மாறியது என்று காட்டும் வரைபடமாக அது பெரிய உதவி செய்கிறது.

குழாயை மாற்றுவதில் நியூ ஜெர்சியின் நியூவார்க் வேகம் காட்டியது. தெருக் குழாயிலிருந்து வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவரும் சுமார் 23,000 ஈய இணைப்புக் குழாய்களை மூன்று வருடத்துக்குள், வீட்டுக்காரரிடம் காசு வாங்காமல் மாற்றினார்கள். அந்த ஊரில் வாடகைக்காரர்கள் அதிகம். உரிமையாளரைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்குவதற்குள் திட்டமே நின்றுவிடும். அதனால் உரிமையாளர் அனுமதி இல்லாமலே குழாயை மாற்றலாம் என்று நகரம் சட்டம் போட்டது. வேகத்துக்குப் பாதிக் காரணம் அந்தச் சட்டம் என்பேன். தெருவில் உள்ள பாதியை மட்டும் மாற்றிவிட்டு வீட்டுக்குள் வரும் பாதியை விட்டுவிடுவது சில ஊர்களில் வழக்கம். வெட்டும்போது குழாய் ஆட்டம் காண்பதால் சில காலத்துக்கு ஈயம் கூடவும் செய்யும். அதற்குச் செய்யாமலே இருக்கலாம். வீட்டில் இருப்பவர்களுக்கு: ஈயம் உள்ள தண்ணீரைக் கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். வெந்நீர்க் குழாயில் ஈயம் இன்னும் அதிகமாகக் கரையும், குழந்தைக்குப் பால் கலக்க அதை எடுக்க வேண்டாம்.

பெயிண்ட்டும் இல்லை, தண்ணீரும் இல்லை என்றால்? 2023-ல் வட கரோலினாவில் ஒரு குடும்பத்தின் குழந்தைகளுக்கு ஈயம் ஏறிக்கொண்டே போனது. வீட்டைச் சோதித்தார்கள், காரணம் கிடைக்கவில்லை. கடைசியில் குழந்தைகள் விரும்பிச் சாப்பிட்ட லவங்கப்பட்டை கலந்த ஆப்பிள் கூழ்ப் பொட்டலம் பேச்சில் வந்தது. சோதித்தால் ஈயம். லவங்கப்பட்டையில் கலந்திருந்தது. நாடு முழுவதும் பொருள் திரும்பப் பெறப்பட்டு, நூற்றுக்கணக்கான குழந்தைகளின் பாதிப்பு வெளியே வந்தது. இத்தனைக்கும் தொடக்கம், "வேறு என்ன சாப்பிடுகிறார்கள்?" என்று ஒருவர் பொறுமையாகத் துருவிக் கேட்டது. நல்ல கள ஆய்வாளரின் கேள்விகள் சுவரோடு நிற்காது. அப்பா எங்கே வேலை பார்க்கிறார், பழைய பேட்டரி உடைக்கும் இடமா, வேலைத் துணியோடு வந்து குழந்தையைத் தூக்குகிறாரா? கண்மை எங்கே வாங்கியது? நாட்டு மருந்து ஏதாவது உண்டா? பளபளக்கும் மெருகு பூசிய மண் பாத்திரத்தில் புளிப்பான பண்டம் வைக்கிறார்களா?

மசாலாப் பொருளில் கலப்படம் என்றால் ஒவ்வொரு வீடாகப் போய்ப் பயனில்லை, சந்தைக்குப் போக வேண்டும். வங்கதேசத்தில் மஞ்சளுக்கு நிறம் கூட்ட ஈய குரோமேட் என்ற மஞ்சள் நிறமியைக் கலந்து வந்தார்கள். கர்ப்பிணிகளின் ரத்தத்தில் இருந்த ஈயமும் அந்த மஞ்சளில் இருந்த ஈயமும் ஒன்றே என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2019-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் களத்தில் இறங்கியது. மொத்த விற்பனைச் சந்தைக்கு எக்ஸ்-கதிர் கொண்டு சோதிக்கும் கையடக்கக் கருவியோடு போனார்கள். நடமாடும் நீதிமன்றம் அங்கேயே அபராதம் போட்டது, அது செய்திகளில் வந்தது. சந்தை மாதிரிகளில் ஈயம் இருந்தவை 2019-ல் 47 சதவீதம், 2021-ல் பூஜ்யம். இவ்வளவு சுருக்கான வெற்றி இந்தத் துறையில் அபூர்வம். கலப்படம் செய்பவர்கள் கொஞ்சம் பேர்தான், அவர்கள் இருக்கும் இடம் தெரியும். வீட்டுச் சுவர்களில் உள்ள ஈயத்தை அப்படி ஒரே இடத்தில் பிடித்து நிறுத்த முடியாது.

சரி, பணம் குறைவாக உள்ள ஓர் அலுவலகம் எங்கே தொடங்குவது? என் கணிப்பில், கட்டடங்களின் வயதும் வாடகை வீடுகளின் அடர்த்தியும் காட்டும் ஒரு வரைபடத்திலிருந்து. அதன் மேல் இதுவரை வந்த ரத்தப் பரிசோதனை முடிவுகளை வைத்தால் எந்தத் தெருக்களுக்கு முதலில் போக வேண்டும் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். கர்ப்பிணிகள் பதிவு செய்ய வரும் இடத்திலேயே வீட்டைப் பற்றிக் கேட்கலாம். குழந்தை தவழ இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறது, ஜன்னலை மாற்ற அது போதுமான காலம். அம்மாவின் எலும்பில் பழைய ஈயம் இருந்தால் கர்ப்பத்தில் அது கரைந்து சிசுவுக்குப் போகும் என்பதாலும் அந்தச் சந்திப்பு முக்கியம். குடும்பங்கள் ஆய்வாளரைக் கண்டு பயப்படாமல் இருப்பதும் முக்கியம். புகார் கொடுத்த வாடகைக்காரரை வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னால், அடுத்த வாடகைக்காரர் யாரும் வாயைத் திறக்க மாட்டார். பழிவாங்கும் வெளியேற்றத்தைத் தடுக்கும் விதி இல்லாமல் ஆய்வுத் திட்டத்தைத் தொடங்குவது வீண்.

பரிசோதனையை ஒன்று, இரண்டு வயதுகளில் செய்யலாம். விரல் நுனியில் குத்தி எடுக்கும் ரத்தம் தோலில் ஒட்டிய தூசியால் பொய்யாக உயரும், அதனால் அதிகம் வந்தால் ரத்தக் குழாயிலிருந்து எடுத்து உறுதிசெய்ய வேண்டும். உறுதியானால் அன்றே வீட்டு ஆய்வுக்கு நாள் குறிக்க வேண்டும். இரும்புச் சத்தும் கால்சியமும் போதுமா என்று பார்க்க வேண்டும். அளவு கொஞ்சமே கூடியிருந்தால் மூன்று மாதத்தில் மறுபடி ரத்தம் எடுப்பார்கள். அப்போது எண் கொஞ்சம்தான் இறங்கியிருந்தால் பெற்றோர் மனம் உடைந்துபோவார்கள். ரத்தத்தில் உள்ள ஈயம் மாதக்கணக்கில் குறையும், ஆனால் எலும்பில் சேர்ந்தது மெல்ல மெல்ல ரத்தத்துக்குத் திரும்பிக்கொண்டே இருக்கும் என்பதை முதல் நாளே சொல்லிவிட்டால் அந்தச் சோர்வு வராது. எண் இறங்காமல் ஏறியிருந்தால்தான் வேறு விஷயம். அப்போது ஆய்வாளர் பழைய குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு அதே வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும், குழந்தை பகலில் இருக்கும் பாட்டி வீட்டுக்கும் சேர்த்து.